பாகல் விதைக்கு வெந்நீர்

இந்த வருஷம் கொல்லையில் பாகற்காய் கிடையாது என்று சலூன்காரர் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் கடை. வீட்டில் முடிவெடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் நாள் முழுக்க அடுத்தவர் முடியை எடுக்கிற மனுஷன், வருஷத்துக்கு ஒரு முடிவாவது எடுக்கக் கூடாதா? எடுத்தார். எடுத்த வேகத்தில் கத்தரிக்கோலை மேஜையில் டக்கென்று வைத்தார். நாற்காலியில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்த கண்டக்டர் பதறிப்போய்க் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கண்டக்டர், பஸ்ஸை விட்டு இறங்கி ஓய்வில் இருப்பவர். சலூன்காரருக்குப் பக்கத்து வீடு. ரத்த சொந்தம் இல்லையென்றாலும் சலூன்காரர் மனைவியைத் தங்கச்சி என்பார். அதனால் சலூன்காரர் அவருக்கு மாப்பிள்ளை.

"என்ன மாப்ள, என்ன ஆச்சு?"

"வெள்ளரிக்காய், மச்சான்!"

"எங்க?"

"இன்னும் எங்கயும் இல்ல. இனிமேதான்."

விஷயம் இதுதான். சலூன்காரர் வீட்டுக் கொல்லை, ஒரு பெரிய போர்வையை விரித்துக் காயப்போட்டால் நிறைந்துவிடும். அதிலும் வெயில் ஒழுங்காக விழுவது பின்சுவர் ஓரம் மட்டும். அங்கே ஒரே ஒரு பந்தல்தான் போட முடியும். ஒரு பந்தலுக்கு ஒரு கொடி. அது எந்தக் கொடி என்பதுதான் அந்த வீட்டின் தீராத வழக்கு.

சலூன்காரருக்கு வெள்ளரி என்றால் உயிர். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற மனுஷன். சாயங்காலம் கால் கடுக்க வீட்டுக்கு வந்து, கொடியிலிருந்து ஒரு பிஞ்சைக் கிள்ளி, சட்டையில் துடைத்து, கடக்கென்று கடிக்க வேண்டும். இந்த உலகத்திடம் அவர் கேட்டது அவ்வளவுதான். அவர் மனைவிக்கோ பாகல். வதக்குவாள், வறுப்பாள், அவிப்பாள். மிஞ்சினால் நறுக்கி உப்புப் போட்டுக் காயவைத்து, பாகல் காய்க்காத மாசத்துக்கும் பாகல் சேர்த்துவைப்பாள். தட்டில் அதைப் பார்த்ததும் சலூன்காரர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் பாகற்காய்க்கே பாவமாக இருக்கும்.

அன்று சாயங்காலம் வீரத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி முன்னறையில் தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. அவள் வாய் நிறைய குண்டூசி. பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்தார்.

"ஏம்மா, இந்த வருஷம் தோட்டத்துல என்ன போடறதுன்னு பேசிடலாமா?"

"ம்."

"நான் என்ன நினைக்கிறேன்னா, வெள்ளரி..."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். கடைசி ஊசியும் வெளியே வந்தது.

"பாகல்."

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். வெள்ளரி உடம்புக்குக் குளிர்ச்சி."

"பாகல்."

"சமைக்கவே வேணாம். உனக்கும் வேலை மிச்சம்."

"பாகல்."

"போன வருஷமும் பாகல்தானே போட்ட? ஒண்ணாவது முளைச்சுதா? வெறும் பந்தல் நின்னுச்சு. காக்கா உக்காரப் பந்தல் போட்ட வீடு இந்த ஊர்லயே நம்ம வீடுதான்!"

மெஷின் நின்றது. ஐயோ, கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று சலூன்காரர் செருப்பைத் தேடினார்.

"நீங்க சொல்றதும் சரிதான்," என்றாள் மனைவி.

சலூன்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அவரைத்தான் சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை.

"ஒரு ஒப்பந்தம் வெச்சுக்கலாம்," என்றாள். "இந்த வருஷமும் என் விதை முளைக்கலைன்னா, பந்தல் உங்க வெள்ளரிக்கு. முளைச்சுதுன்னா, வாய மூடிக்கிட்டு பாகற்காய் சாப்பிடணும்."

"வாய மூடிக்கிட்டு எப்படிம்மா சாப்பிடறது?"

"அதை அப்ப பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு. என் விதை கிட்டயே நீங்க போகக்கூடாது. முக்கியமா வெந்நீர் படக்கூடாது. பட்டா உள்ள வெந்து போயிடும். அப்புறம் உங்க கத்தரி, நகவெட்டி எதுவும் கிட்ட வரக்கூடாது. ஓட்டுல ஒரு கீறல் விழுந்தா விதை காலி. அப்புறம் கடையில கூட்டி அள்றீங்களே, அந்த முடி! என் பாத்தியில ஒரு இழை விழக்கூடாது. வேர் சிக்கிச் செத்துடும். அந்த மண்ணைக் கொத்தவே கொத்தாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"நான் ஏம்மா அதெல்லாம் பண்ணப் போறேன்?"

"சொல்லிவெச்சேன். விதைப் பொட்டலம் இதோ, இந்த ஜன்னல்லதான் இருக்கு. அடுத்த வாரம் நடப்போறேன்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மனைவி எது சொன்னாலும் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்பதுதான் சலூன்காரர் வழக்கம். அந்த "ம்"முக்கும் அவர் காதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு காதாலும் கேட்டார். ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டார்.

மறுநாள் கடையில் கண்டக்டருக்கு மிச்சப் பாதி மீசையைச் சரிசெய்யும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எங்க அடிச்சா விழும்னு எதிரியே காட்டிட்டா மச்சான்!"

"தங்கச்சி அப்படிக் காட்டிக்கொடுக்கற ஆள் இல்லையே."

"வாய் தவறிடுச்சு."

"தங்கச்சிக்கா? வாய் தவறுமா?"

"தலைய ஆட்டாதீங்க. மீசை போயிடும்."

அந்த வாரம் முழுக்க சலூன்காரர் காலையில் சீக்கிரம் எழுந்தார். மனைவி குளிக்கப் போகும் சத்தம் கேட்டதும் மண்வெட்டியோடு கொல்லைக்கு ஓடுவார். குனிந்தால் இடுப்பு பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே கீழே விழுந்த பேனாவைக்கூட எடுக்காத ஆள் அவர். இப்போது முழங்கால் ஆழத்துக்குப் பாத்தியைக் கொத்தினார். கடையிலிருந்து சாக்கில் கட்டிவந்த முடியை அடியில் பரப்பினார். கறுப்பு, நரை, சாயம் போட்டது, சுருட்டை, எல்லாம் உள்ளே போனது. மேலே மண்ணைத் தள்ளி, ஒன்றும் தெரியாத மாதிரி நிரவிவிட்டார். கண்டக்டரின் மீசைகூட அதற்குள்தான் இருக்கிறது.

"என்னங்க, உள்ளங்கையெல்லாம் கொப்பளம்?" என்றாள் மனைவி சாப்பாடு போடும்போது.

"கத்தரி பிடிச்சது."

"இத்தனை வருஷமா வராத கொப்பளம்?"

"புதுக் கத்தரி."

"ஓ," என்றாள்.

கடைக்கு விடுமுறை நாள் வந்தது. மனைவி சீருடைகளை மூட்டை கட்டிக்கொண்டு கொடுக்கப் போய்விட்டாள். சலூன்காரர் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அடுப்பில் தண்ணீர் ஏற்றினார். ஜன்னலிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளரியை நினைத்துக்கொண்டார். தைரியம் வந்தது.

தண்ணீரில் ஆவி பறந்தது. இறக்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஆ, சுடுகிறதே! கொஞ்சம் பச்சைத்தண்ணீர் கலந்தார். மறுபடி தொட்டார். இன்னும் ஒரு சொட்டு கலந்தார். ஆங், இப்போது பதம். வருஷக் கணக்காக வெந்நீரைத் தொட்டு, இது வாடிக்கையாளர் கன்னத்துக்குத் தாங்குமா என்று பார்த்துப் பார்த்து ஆற்றியே பழகிய கை அது. கொலை செய்யப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். கைக்கு யார் சொல்வது? அது தன் வேலையைத் தன் பாட்டுக்குச் செய்தது. சலூன்காரர் கவனிக்கவே இல்லை. "வெந்து சாவு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விதைகளை உள்ளே போட்டார்.

நன்றாக ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு விதைகளை எடுத்துப் பூத்துவாலையில் ஒற்றினார். நகவெட்டியால் ஒவ்வொரு விதையின் முனையையும் நறுக்கினார். அதிலும் பழக்கதோஷம் விடவில்லை. சதையில் படாமல், நுனியை மட்டும் லேசாக எடுத்தார். எல்லாவற்றையும் பொட்டலத்தில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் வந்தவள் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"என்னங்க, விதை ஈரமா இருக்கே?"

"காத்துல ஈரம்."

"நாக்கெல்லாம் வறண்டு போற வெயில் அடிக்குது."

"இது வேற மாதிரி ஈரம்."

"ஓ," என்றாள் மறுபடியும். அப்போதே போய் நட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் சலூன்காரரைப் பிடிக்க முடியவில்லை. பந்தல் எப்படியும் தனக்குத்தான் என்று, ஆடிக்கொண்டிருந்த பந்தல்கால்களை நிமிர்த்தினார். புதுக் கயிறு வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். சட்டைப் பையில் வெள்ளரி விதைப் பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தார். கடைக்கு வருகிறவரிடமெல்லாம் வெள்ளரி கொடுப்பதாக வாக்குக் கொடுத்தார்.

ஒரு நாள் காலையில் கொல்லைக்குப் போனார். மண்ணைப் பிளந்துகொண்டு பச்சையாக ஏதோ தலையை நீட்டியிருந்தது. களை என்று நினைத்தார். களை எங்கேயாவது வரிசையாக முளைக்குமா?

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அட! தங்கச்சி போட்ட பாகல் ஒண்ணு பாக்கியில்லாம முளைச்சிடுச்சே மாப்ள!"

முளைத்ததா? வளர்ந்தது, படர்ந்தது, சலூன்காரர் கட்டிய கயிறு ஒன்றையும் விடாமல் பிடித்தது. பூத்தது. காய்த்தது. காக்கா உட்கார இடமில்லாமல் காய்த்தது. ஒரு மத்தியானம் அவர் தட்டில் வந்து இறங்கியது.

சலூன்காரர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. பொறுக்க முடியவில்லை.

"அதெப்படி முளைக்கும்? நான்தான்..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்கதான்?"

"நான்தான்... கேக்கறேன்."

"நீங்க வெந்நீர்ல ஊறவெச்சதாலதான் முளைச்சுது," என்றாள் மனைவி, இன்னும் ஒரு கரண்டி வைத்தபடி. "பாகல் விதைக்கு ஓடு கெட்டிங்க. வெதுவெதுப்பான தண்ணில ஊறணும். முனைய லேசா நறுக்கணும். மண்ணை ஆழமாக் கொத்தி, அடியில முடி போட்டா அதைவிட நல்ல எரு கிடையாது. போன வருஷம் இதெல்லாம் உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்? நடறதுக்கு முன்னாடி ஊறவெச்சுத் தாங்கன்னேன். ம்னீங்க. முனைய வெட்டிக் குடுங்கன்னேன். ம். கடையிலேர்ந்து கொஞ்சம் முடி கொண்டுவாங்கன்னேன். ம். பாத்திய கொத்துங்கன்னேன். இடுப்புன்னீங்க."

"அப்ப... வேணும்னேதான் தொடாதே தொடாதேன்னு..."

"வேற எப்படிங்க உங்களைத் தொடவைக்கறது?"

சலூன்காரருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவளைக் கவிழ்த்துவிடலாம் என்று நிமிர்ந்தார்.

"சரி, நான் தண்ணிய நிஜமாவே கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருந்தா? அப்ப என்ன பண்ணியிருப்ப?"

அவள் சிரித்துவிட்டாள். "நீங்களா? எனக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் எத்தனை தடவை வெந்நீர் வெச்சுக் குடுத்திருக்கீங்க. ஒரு நாளாவது சுட்டிருக்கா? உங்க கைக்கு அது வராதுங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கமாக இருந்தது, கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்துதொலைத்தது. அந்தக் குழப்பத்தில் தட்டில் இருந்த பாகற்காயை முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டார். முடித்த பிறகுதான் கசந்தது.

ஆனால் ஒன்று, சலூன்காரர் பாடம் படித்துக்கொண்டார். இனிமேல் அவள் தொடாதே என்றால் ஏதோ வேலை வைக்கிறாள் என்று அர்த்தம். தொடவே கூடாது. இதை மனசில் கல்வெட்டாக வெட்டிவைத்துக்கொண்டார்.

சோதனையும் சீக்கிரமே வந்தது. கண்டக்டர் தன் வீட்டு மரத்தில் இந்தப் பக்கம் சாய்ந்திருந்த கிளையை வெட்டினார். அதுவரை நிழலாகக் கிடந்த பக்கச்சுவர் ஓரத்திலும் வெயில் கொட்டியது. இன்னொரு பந்தலுக்குத் தாராளமாக இடம்.

"என்னங்க," என்றாள் மனைவி, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "அந்தப் பக்கச்சுவர் ஓரத்துல வெள்ளரி கிள்ளரி போட்டுடாதீங்க. அந்த இடத்தைத் தொடவே கூடாது."

சலூன்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆகா, வந்துவிட்டது வலை! நான் ஓடிப்போய்க் கொத்தணும், கல் பொறுக்கணும், முடி சுமக்கணும். அப்புறம் அதிலிருந்து என்ன முளைக்குமோ!

"தொடவே மாட்டேம்மா," என்றார் கம்பீரமாக.

சொன்னபடியே இருந்தார். கை பரபரத்தது, அடக்கினார். பையில் வெள்ளரி விதை குத்தியது, பொறுத்தார். காலையில் மனைவி குளிக்கப் போனால் இவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினார். கடையில் வருகிறவரிடமெல்லாம், "இந்தத் தடவை ஏமாறலை!" என்று மார்தட்டினார். கண்டக்டர் மட்டும் கண்ணாடியில் தன் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கையில் கொப்பளம் இருந்தது. சலூன்காரர் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கொல்லைக்குப் போனார். பக்கச்சுவர் ஓரத்தில் புதுப் பந்தல். அதன் அடியில் அதே பச்சைத் தலைகள், வரிசையாக.

"இது என்ன?" என்றார்.

"பாகல். கண்டக்டர் அண்ணன் கொத்திக் குடுத்தார். காய்ல அவருக்குப் பாதி."

"வெள்ளரிய நான் இங்க போடணும்னுதானே நீ போடாதேன்னு சொன்ன?"

மனைவி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இல்லீங்க. இந்தத் தடவை நிஜமாவே போடாதீங்கன்னுதான் சொன்னேன்."