நாலெல்லையாரும் முதல் சாட்சியும்

அரசாங்கத்தைக் கிண்டல் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கிண்டலுக்கு அடியில் தன் பெயர், தொழில், உரிம எண், போதாக்குறைக்கு இரண்டு சாட்சி என்று சகலமும் எழுதி, 'வந்து பிடித்துக்கொள்ளுங்கள்' என்று நின்ற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ராசிபுரத்தில் இருக்கிறார். அந்த முதல் சாட்சி அடியேன்.

அவர் பத்திரம் எழுதுபவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு விரல். அந்த ஒற்றை விரலால்தான் பாதித் தாலுகாவின் நிலம் கைமாறியது. மேஜையை ஒட்டினாற்போல் என் இ-சேவை மையம். வருமானச் சான்று, வாரிசுச் சான்று என்று ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை. அரசு கொடுத்த லாகின்தான் எனக்குச் சோறு; அது போனால் கடைக்கு ஷட்டர்.

பத்திரத்தில் ஒரு நிலத்தைச் சொல்லும்போது கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வண்டித்தடம் என்று நான்கு எல்லையும் எழுதுவார்கள் அல்லவா? இவருக்கு அந்தப் பழக்கம் மேஜையோடு நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையைப் பார்த்து, "கிழக்கே பொரியல், மேற்கே ஊறுகா, வடக்கே அப்பளம். ரசம் வரத்துக்குத்தான் பாதையே உடலீங்க" என்பார். ஊர் அவருக்கு நாலெல்லையார் என்று பெயர் வைத்துவிட்டது. மளிகைக் கடைக்காரர்கூட அந்தப் பெயரில்தான் பில் போடுகிறார்.

பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு செல்போன் வாங்கி அனுப்பினான். பிடித்தது சனி. தினமும் காலையில் புதுச் சட்டம், புதுச் செயலி, புது உத்தரவு என்று செய்திகளைப் படிப்பார். பத்து மணிக்குப் பதிவு அலுவலகம் திறப்பதற்குள் முகநூலில் ஒரு கருத்து போட்டுவிடுவார். மேலே பிள்ளையார் சுழி, கீழே பத்திர நடை. பயந்த சுபாவம் என்பதால் 'யாரோ ஒருவன்' என்று கணக்குத் தொடங்கி, படத்துக்கு ஒரு பூட்டை வைத்திருந்தார்.

ஹெல்மெட் போடவில்லை என்று ஒரு லாரிக்குக் கேமரா அபராதம் அனுப்பிய செய்தி வந்தது. நாலெல்லையார் எழுதினார்: 'மேற்படி லாரிக்குத் தலை எந்தத் திசையில் உள்ளது என்று கேமரா அளந்து காட்டும் பட்சத்தில், ஹெல்மெட் வாங்கி மாட்டக் கட்சிக்காரர் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறார்.' நாமக்கல் லாரிக்காரர்கள் அதைக் காஷ்மீர் வரை கொண்டுபோனார்கள்.

செயலிகள் நம்மிடம் சம்மதம் கேட்டுத்தான் தகவல் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, 'சம்மதம் என்ற பொத்தான் நஞ்சை நிலம் போல் நடுவில் அகலமாக உள்ளது. மறுப்பு என்ற பொத்தான் தென்மேற்கு மூலையில் முள்வேலிக்குள் உள்ளது. போக வர நடைபாதை இல்லை' என்று எழுதினார். வக்கீல்கள் கைதட்டினார்கள்.

இவ்வளவு ரகசியமாக எழுதியவர், கைப்பழக்கத்தில் ஒவ்வொன்றின் அடியிலும் 'ஆவணம் தயாரித்தவர்' என்று தன் பெயரையும் உரிம எண்ணையும் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் கீழே, 'சாட்சி 1: பக்கத்து இ-சேவை மையம் செந்தில். சாட்சி 2: இதைப் படிக்கும் தாங்கள்.' இது எனக்கே ஒரு வாடிக்கையாளர் காட்டித்தான் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"ஏனுங்கண்ணா, எம்பேரை எதுக்குங்க போட்டீங்க?"

"சாட்சி இல்லாத எழுத்து செல்லாதுங்க சாமி."

"முகநூலுக்கு எதுக்குங்க சாட்சி?"

"அங்கதான சாமி வேணும்? அங்க எவனுமே எழுதுனதுக்குப் பொறுப்பேத்துக்க மாட்டீங்கறானே!"

சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டது என் முட்டாள்தனம்.

அடுத்த மாதம் என் கடைக்கு ஒரு பெண் வந்தார். அப்பா தவறிவிட்டார், வாரிசுச் சான்று வேண்டும். புதிதாக மாற்றிய அரசு இணையதளத்தில் எல்லாவற்றையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினேன். 'இறந்தவரின் கைபேசிக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்றது திரை. எதற்கும் இருக்கட்டும் என்று அதைப் படம் பிடித்து வைத்தேன். அந்தப் பெண் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். பக்கத்து மேஜையில் ஒற்றை விரல் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது.

'கிழக்கே சர்வர் டவுன். மேற்கே சாப்பாட்டு இடைவேளை. வடக்கே நாளைக்கு வாங்க. தெற்கே மாண்டவர் கைபேசிக்குப் போன ஓடிபி. இந்த நான்கெல்லைக்குள் வசமாகச் சிக்கிய பொதுமக்கள் வகையறா.'

மாலைக்குள் அது ஊரெல்லாம் பரவியது. மூன்றாம் நாள் எனக்குப் போன்.

"சைபர் கிரைம்லேருந்து பேசறோம். சாட்சி நம்பர் ஒன்னு நீங்கதானே?"

அரசுத் தளத்தைப் பற்றி வதந்தி பரப்பியதாகத் துறையிலிருந்து புகாராம். வியாழக்கிழமை இருவரும் நாமக்கல் வரவேண்டும். வழக்குப் பதிவானால் அவர் உரிமம் போகும், என் லாகின் போகும். வியாழக்கிழமை வரைக்கும் இருந்த மூன்று நாளும் என் மனைவி ஒரே வசனத்தைத்தான் சொன்னாள்: "அந்தாளோட சேராதீங்கன்னு சொன்னனா இல்லீங்களா?" எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலெல்லையாரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை பஸ்ஸில் அவரை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"சாமி, நீ உள்ள போய் இதைக் குடுத்துப்போடு. நான் டைப் பண்ணியே கொண்டாந்துட்டேன்."

என் பெயரில், அவருக்கு எதிராக, அவரே எழுதிய வாக்குமூலம். 'மேற்படி நபர் என்னைக் கேளாமல் என் பெயரைப் பயன்படுத்தினார். மேற்படி ஓடிபி எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. மேற்படி நபர் புத்தி நிலையற்றவர் என்பது ஊரறிந்த விஷயம்.' சும்மா சொல்லக்கூடாது, கச்சிதமான எழுத்து. அவரை அதைவிட மோசமாக என்னால் திட்டியிருக்க முடியாது. இதைக் கொடுத்தால் நான் தப்பித்தேன். ஆனால் அந்தத் திரைக்கு அத்தாட்சி என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அவர் எழுதியது வதந்தி என்று ஆகிவிடும்.

கடைசி வரிக்கு வந்தேன். சாட்சிக்கு இடம் விடவே இல்லை.

"ஏனுங்கண்ணா, இதுக்கு மட்டும் சாட்சி போடலீங்களா?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொய்க்குச் சாட்சி வெக்கக் கூடாதுங்க சாமி."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பேச வாயெடுப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. பதிவைப் பிரிண்ட் எடுத்து வைத்து, பேனாவால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"நீங்கதான் செந்திலா? உங்க பேரைப் போட்டிருக்காரு. இதுல சொல்ற ஓடிபியை நீங்க பார்த்தீங்களா, இல்லை இவரா அடிச்சு விட்டதா?"

காகிதம் சட்டைப் பையில் இருந்தது. கை அதன் மேல்தான் போனது. வீரன் என்று பொய் சொல்ல மாட்டேன். என் மகனின் பள்ளிக்கூடம், வீட்டுக் கரண்ட் பில், மனைவியின் வசனம் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன் வந்து நின்றன. பக்கத்தில் நாலெல்லையார், 'குடு சாமி' என்பதுபோல் முழங்கையால் என்னை இடித்தார்.

அந்த இடிதான் காரியத்தைக் கெடுத்தது. கை பக்கத்துப் பையிலிருந்த செல்போனை எடுத்தது. திரையில் அன்று பிடித்த படத்தைக் காட்டினேன்.

"பார்த்தேன் மேடம். எங்கடையிலதான் நடந்தது. அவர் எழுதுனது அத்தனையும் நிஜம்."

இன்ஸ்பெக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு பிரிண்டின் கடைசி வரிக்குப் பேனாவை நகர்த்தினார்.

"ரெண்டாவது சாட்சி யாரு? அவரையும் கூப்பிடணும்."

நாலெல்லையார் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு சொன்னார். "தாங்கள்தானுங்க மேடம்."

"என்னது?"

"கடேசி வரியிலயே இருக்குதுங்க. இப்பத்தான முழுசாப் படிச்சீங்க?"

பேனா நின்றது. மூலையில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு முகத்தை ஃபைலுக்குள் புதைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இன்ஸ்பெக்டர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். செத்தோம் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க."

வெளியே இரண்டு மணி நேரம். உள்ளே யாரிடமோ போனில் பேசுவது விட்டுவிட்டுக் கேட்டது. நாலெல்லையார் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் சாமி இப்படிப் பண்ணுன?" நான் அந்தக் காகிதத்தை எட்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார், வதந்தி என்ற புகார் நிற்காது என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் இனிமேல் பார்த்து எழுதுவதாக அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர் உரிமம் பிழைத்தது. என் லாகினைத் துறை மூன்று வாரம் முடக்கி வைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தது. அந்த மூன்று வாரமும் மனைவி வேறு வசனம் பேசவில்லை.

அன்று திரும்பும்போது ஆத்தூர் பஸ்ஸில் ஏறி ராசிபுரத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். மூன்று நாளாகக் கண்ணை மூடாத மனிதர், பஸ் நாமக்கல்லைத் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். இவ்வளவு சிறிய தலையா இவருக்கு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தோளை அசைக்காமல் உட்கார்ந்து வந்தேன்.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு வந்தது. கண்டக்டர் எங்கள் இருக்கைக்கு வந்து கம்பியைத் தட்டினார்.

"ராசிபுரம்தானுங்களே வாங்குனீங்க? எறங்குங்க, எறங்குங்க."

"ஆத்தூருக்கு ரெண்டு குடுங்க."

"ஏனுங்க, ஊர் தாண்டிப் போயி என்ன பண்ணப் போறீங்க?"

"மெதுவாப் பேசுங்க," என்றேன். "அண்ணன் தூங்கறாருங்க."