இருபது என்று எழுதிய பாட்டில்

"எண்பது!" என்றார் எடையளவு ஆய்வாளர், சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. உள்ளே தண்ணீர் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"நாற்பதைத் தாண்டவே கூடாதுன்னு அண்ணன் சொன்னாரே!" என்று பதறினாள் மனைவி.

அவளுக்குப் பயம் மீனைப் பற்றி மட்டும் இல்லை. எதற்கென்று இருவருக்குமே மறந்துபோன ஒரு சண்டைக்குப் பிறகு ஆறு வருஷம் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன், போன மாதம்தான் பேச ஆரம்பித்திருந்தார். வெளியூர் கிளம்பும்போது, தன் உயிரான மூன்று மீன்களைத் தொட்டியோடும், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் எவ்வளவு என்று பார்க்கும் பெட்டியோடும் தங்கையிடம் ஒப்படைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மீனுக்கு ஒன்று ஆனால் பேச்சும் போச்சு.

"பாதித் தண்ணிய மாத்திடலாங்க."

"பொறு. முதல்ல இந்தப் பெட்டி உண்மை பேசுதான்னு பாக்கணும்."

இருபத்திரண்டு வருஷமாகக் கடை கடையாக ஏறித் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்துகிறவர். அளவு காட்டும் எதையும் நம்பமாட்டார். வீட்டோடு இருக்கும் மாமியாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தெர்மாமீட்டரைத்தான் சோதிப்பார்.

உரக்கடையில் நைட்ரேட் உப்பு வாங்கினார். ஆபீஸ் தராசில் மில்லிகிராம் கணக்கில் நிறுத்தார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டரில் கரைத்து, பாட்டிலில் '20' என்று எழுதி, சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"இது துல்லியமா இருபது. பெட்டி வேற எதைச் சொன்னாலும் பொய்தான். நல்லாக் கரையட்டும், நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் அந்தப் பாட்டில் தண்ணீரைச் சோதித்தார். ரத்தச் சிவப்பு. எண்பது.

"பாத்தியா! இருபதை எண்பதுங்குது. நாலு மடங்கு புளுகு! அப்போ தொட்டியிலயும் இருபதுதான் இருக்கு. தண்ணிய மாத்தாதே."

நாலு நாளில் தொட்டி நூற்று அறுபதைக் காட்டியது.

"நாலால வகு. நாற்பது. தாண்டலையே?"

"மீன் அடியிலேயே படுத்துக் கிடக்குதுங்க!"

"ஓய்வெடுக்குது."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் மனசு கேட்கவில்லை. புதுப் பெட்டி வாங்கினார். அதுவும் பாட்டிலுக்கு எண்பது என்றது. பாட்டிலை இடுக்கிக்கொண்டு மீன் கடைக்கே போனார். கடைக்காரர் தன் பெட்டியில் போட்டுப் பார்த்தார்.

"எண்பது சார். மூணு பெட்டியும் ஒண்ணா சொல்லுதுன்னா, நீங்க கலக்கினதுலதான்..."

"என் கை தப்புங்கிறீங்களா? கடைக்கே சீல் வெச்சிடுவேன்!"

கடைக்காரர் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றுமுன்பே தொட்டியைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ளே இது? மூணும் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது! பெட்டியில பாக்கலையா?"

"பாக்காம? உங்க பெட்டி புளுகுணிப் பெட்டி, மச்சான். இதோ, என் கையால கலக்கின இருபது. உங்க பெட்டி என்ன சொல்லுது பாருங்க. எண்பது!"

மச்சானின் முகம் குழாயைவிடச் சிவந்தது. "அப்போ நான் பொய்ப் பெட்டியைக் குடுத்து உங்களை ஏமாத்தினேன்னு சொல்றீங்க?"

"அளவு அப்படித்தான் சொல்லுது."

"இனிமே இந்த வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளுங்க!"

மனைவி ஓடிப்போய்க் கதவை மறித்தாள். "இன்னும் ஒரு ஆறு வருஷமா அண்ணே?" என்று அழுதே விட்டாள்.

கையில் துடைக்கிற துணியோடு நின்ற மாமியார் மெல்ல வாயைத் திறந்தார்.

"சண்டை வேணாம்ப்பா. மேஜை துடைக்கையில அந்தப் பாட்டில் முதல் நாளே கவிழ்ந்துடுச்சு. மாப்பிள்ளை கத்துவாரேன்னு, மீன் தொட்டித் தண்ணியை மொண்டுதான் ரொப்பி வெச்சேன்!"