ஆர்க்கிட் தொட்டியில் குறையாத பன்னிரண்டு

எறும்பு காட்டிக் கொடுத்துவிட்டது. இல்லாவிட்டால் பொத்தான்காரர் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பார்.

"என்னங்க! இங்க வாங்க. என் ஆர்க்கிட்ல எறும்பு ஏறுது."

கண்ணாடி அடைத்த பால்கனியிலிருந்து மனைவியின் குரல் வந்ததும் அவர் போட்டது போட்டபடி ஓடினார். ஆர்க்கிட்டுக்கு இரண்டு தொட்டி. வெளியே பீங்கான், உள்ளே பிளாஸ்டிக். நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு தகர டப்பா. டப்பாவில் பன்னிரண்டு எலுமிச்சை மிட்டாய், காகிதம் உரித்து. காகிதம் சரசரத்தால் அவள் காது அடுத்த தெருவிலிருந்தும் நிமிரும் என்பதால் அந்த முன்னேற்பாடு.

அவருக்குச் சர்க்கரை. போன தடவை இருநூற்று முப்பது. "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா தினம் ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே மனுஷன் வாசலைத் தேடுவார். ஆனால் நாக்கு கேட்டால்தானே?

"எறும்பு சும்மா வராது," என்றார் கம்பீரமாக. "செடியில மாவுப்பூச்சி இருக்கு. அது சாறை உறிஞ்சி, தேன் மாதிரி ஒண்ணைக் கசியவிடும். அதை நக்கத்தான் எறும்பு வருது."

"மாவையும் காணோம், பூச்சியையும் காணோமே!"

"தண்டுச் சந்துல ஒளிஞ்சிருக்கும். போய் என் லென்ஸை எடுத்துட்டு வா."

அவள் வருவதற்குள் காது குடையும் பஞ்சில் துளி பிய்த்து இலைச் சந்தில் ஒட்டிவிட்டார். லென்ஸ் வழியே அசல் மாவுப்பூச்சி. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அவரையும் லென்ஸ் வழியாகவே கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபது வருஷம் மருந்துக்கடையில் டாக்டர் கையெழுத்தையே படித்த கண் அது.

"சரி, வைத்தியம்?"

"பஞ்சை ஸ்பிரிட்ல நனைச்சு ஒவ்வொரு இலையா, அடிப்பக்கம் துடைக்கணும். தினம் மூணு மணிக்கு நானே பண்றேன். உனக்கு அந்த வாடை ஆகாது, கதவைச் சாத்திக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு மாசம். முட்டை பொரிச்சுக்கிட்டே இருக்கும். இந்தப் பூச்சிக்கு மருந்தை நடுவுல நிறுத்தவே கூடாது."

புத்தகத்தில் படித்த அத்தனையும் உண்மை. பூச்சி ஒன்றுதான் பொய்.

முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மிட்டாய் சாப்பிட்டார். மிச்சம் பத்து. மறுநாள் திறந்தால் பன்னிரண்டு.

முப்பத்திரண்டு வருஷம் பொத்தான் தொழிற்சாலையில் பொத்தான் எண்ணியவர். பேரே அதனால்தான். எண்ணிக்கையில் அவரை யாரும் அசைக்க முடியாது. மறுபடி எண்ணினார். பன்னிரண்டு. மூன்றைத் தின்றார். அடுத்த நாள் பன்னிரண்டு. நாலைத் தின்றார். பன்னிரண்டு!

சந்தோஷம் நாலு நாள்தான் நின்றது. ஐந்தாம் நாள் எறும்பைப் பார்த்தார். வரிசையாகத் தொட்டி விளிம்புவரை ஏறின. டப்பாவை எட்டிப் பார்த்தன. மீசையைத் தூக்கி அசைத்தன. அப்படியே திரும்பி, ஒன்றுகூட உள்ளே போகாமல் இறங்கிப் போய்விட்டன. அதற்கப்புறம் அந்தப் பால்கனிக்குள் எறும்பே வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. இந்தச் செடி மாடிவீட்டுப் பல் டாக்டருடையது. போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்ததும் மகள் கொடுத்துவிட்டுப் போனது. உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் மாடிப்படியில் இவரைக் கண்டால் விடமாட்டார். "வாயைத் திறங்க பாப்போம். மிட்டாயா? ஒரு நாள் மாட்டுவீங்க!"

டப்பாவுக்குக் கறுப்பு நூல் கட்டி, தொழிற்சாலையில் மூட்டைக்குப் போடும் முடிச்சையே போட்டார். மறுநாள் முடிச்சு போட்டபடி இருந்தது. உள்ளே பன்னிரண்டு இருந்தது. மிட்டாயை வாயில் போட்டால் நாக்கில் ஒரு குளிர்ச்சி பரவியது. எலுமிச்சையில் ஏது குளிர்ச்சி? செத்தவன் கை பட்டால்தான் அப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ராத்திரியானால் வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

அப்படியும் தின்பதை நிறுத்தினாரா? அதுதான் இல்லை. பயத்துக்கும் ஆசைக்கும் ஒரே வாய்தானே.

மூன்றாவது வாரம் வெளுத்த வேர்கள் இரண்டு தொட்டியைத் தாண்டி அவர் நாற்காலிப் பக்கமாக நீண்டிருந்தன. மாசக் கடைசியில் ஒருநாள் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், வந்த நாளிலிருந்து பூக்காத செடியில் ஒரு பூ. வெள்ளை இதழ். நடுவில் 'ஆ' என்று திறந்த ஒரு சின்ன வாய். வாய்க்குள் பல் மாதிரி ஏதோ இரண்டு. பஞ்சு கையிலிருந்து விழுந்துவிட்டது.

வெளியே ஓடிவந்தால், மனைவி சர்க்கரை பார்க்கும் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மாசம் ஆச்சு. விரலை நீட்டுங்க."

சுருக்கென்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். தினம் எட்டு மிட்டாய் வரை தின்ற உடம்பு. முந்நூறு என்பாள், ஊசி என்பாள்.

"நூத்துப் பதினெட்டு," என்றாள்.

அவருக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. "ஐயோ, அது என்னை உறிஞ்சுதுடி!"

"எது?"

"உன் செடி! என் ரத்தத்துல இருந்த சர்க்கரையை உறிஞ்சித்தான் பூத்திருக்கு. பல் டாக்டர் உள்ளதான் இருக்காரு. தின்னத் தின்ன டப்பா ரொம்புது!" ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். டப்பா, பஞ்சு, நூல், குளிர்ச்சி, வயிறு. கடைசியில் அழுதேவிட்டார். "என்னைக் காப்பாத்து."

அவள் விரலைத் துடைத்துவிட்டாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து வந்து மடியில் வைத்தாள். மேலே 'சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்பில்லா எலுமிச்சை மிட்டாய்' என்று எழுதியிருந்தது. கீழே, 'வாயில் குளிர்ச்சி தரும். அதிகம் உண்டால் வயிற்றைக் கலக்கும்.'

"முடிச்சு?" என்றார் ஈனக்குரலில்.

"முப்பது வருஷமா உங்க மூட்டையை அவிழ்க்கறவ நானு. எறும்புகூட வாசலோட கண்டுபிடிச்சுட்டுப் போயிடுச்சு. உங்களுக்குத்தான் ஒரு மாசம் ஆச்சு."

அவள் தொட்டியிலிருந்து டப்பாவை எடுத்து வந்து, பன்னிரண்டு எண்ணிப் போட்டு, மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய் அதே சந்துல வைங்க. இந்தப் பூச்சிக்கு மருந்தை நடுவுல நிறுத்தவே கூடாதாம். நீங்கதானே சொன்னீங்க?"