மீசை டையும் கருப்புச் சேவலும்

இந்த வருஷம் கப் என் வீட்டுக்கு வராவிட்டால் மீசையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததை என் மனைவி சீதாலட்சுமியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மீசையை எடுத்தா எனக்கு என்ன லாபம்? வேற ஏதாவது சொல்லுங்க."

"வேற என்ன சொல்றது?"

"உங்க சேவல் கப் வாங்கலைன்னா மாடி எனக்கு. அங்க எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுங்கிறது என் இஷ்டம். அப்புறம், நான் சொல்ற இடத்துக்கு, நான் சொல்ற அன்னிக்கு, வாயைத் திறக்காம என்கூட வரணும்."

"எந்த இடம்?"

"அதை அப்பச் சொல்றேன்."

கிருஷ்ணகிரியில் இருக்கும் அவள் தம்பி வீடாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் உட்காருவதற்கு முள்ளில் உட்காரலாம். இருந்தாலும் சரி என்றேன். அவ்வளவு நம்பிக்கை. அவ்வளவு வயிற்றெரிச்சல்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் அடுகோடியில் எங்கள் மொட்டை மாடியில் நான் வளர்ப்பது கறிக்கோழி இல்லை. பேண்டம். குள்ளக் கோழி. அதிலும் கொச்சின் பேண்டம், கருப்பு. கால் விரல் வரை இறகு மூடியிருக்கும். நடந்தால் கம்பளிப் பந்து உருளுகிற மாதிரி இருக்கும். முட்டைக்கும் உதவாது, குழம்புக்கும் உதவாது. அழகுக்கு மட்டும். வருஷா வருஷம் போட்டி நடக்கும். நடுவர் கூண்டு கூண்டாகப் போய், கொண்டை, கால், உடம்பு, நிறம் என்று பார்த்து மார்க் போடுவார். கருப்பு என்றால் வெளிச்சத்தில் பச்சை மின்ன வேண்டும், பொன்வண்டு முதுகு மாதிரி. ஒரு வெள்ளை இறகு இருந்தால் போச்சு.

அந்த ஒரு வெள்ளை இறகில்தான் என் நிம்மதி போனது.

எதிர் வீட்டில் பெர்னார்ட் என்று ஒருவன் இருக்கிறான். இரண்டு பேரும் ஒரே லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். முதல் ஜோடிக் கோழியை எனக்குக் கொடுத்ததே அவன்தான். ஒரு டீயை இரண்டு டம்ளரில் குடித்தவர்கள் நாங்கள். அப்புறம் அவனைப் போட்டிக்கு நடுவராகப் போட்டார்கள். அந்த வருஷம் என் சேவல் போட்டியில் நின்றது. பெர்னார்ட் வந்தான். இறக்கையைத் தூக்கினான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, "வெள்ளை இருக்கு. அவுட்" என்றான்.

என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பழகின மனுஷனுக்காக ஒரு இறகைப் பார்க்காமல் விட்டால் அவன் கண்ணா குருடாகிவிடும்?

அன்றோடு பேச்சு நின்றது. அவன் பெண்டாட்டி அன்னம்மாளோடு நீயும் பேசக் கூடாது என்று சீதாலட்சுமிக்குச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். சீதாலட்சுமி பேசினால் பயப்படத் தேவையில்லை, தலையாட்டினால்தான் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதிலிருந்து கோழியைப் பற்றிப் பேச எனக்கு ஆளே இல்லை. கோழியிடமே பேசினேன். அதுவும் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடும்.

இந்த வருஷக் குஞ்சுகளில் இரண்டு சேவல் தேறின. ஒன்று சுத்தக் கருப்பு. அதற்கு ராஜா என்று பெயர் வைத்தேன். இன்னொன்றுக்கு உடம்பு நன்றாக உருண்டிருந்தது. ஆனால் இறக்கை நுனியில் வெள்ளை.

"இதை அறுத்துடு" என்றேன்.

"ஏங்க, குஞ்சுதானே? முதல் இறகு உதிர்ந்தா கருப்பு வரும்னு பெர்னார்ட் அண்ணா சொ..."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. சும்மாதான் சொன்னேன்."

"வெள்ளைன்னா வெள்ளைதான். எந்த நாய் சொன்னாலும் மாறாது. அறு."

தலையாட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு. கனத்த மனசோடு உட்கார்ந்தேன். கனத்த மனசோடு இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டேன்.

"எப்படி இருக்கு?"

"லேசாக் கசக்குது. குறை உள்ள கோழி. அப்படித்தான் இருக்கும்."

"ஓஹோ" என்றாள்.

மழைக்காலம் வந்தது. பெங்களூர் மழை பெரிதாகப் பெய்யாது, ஓயவும் ஓயாது. ஈரம் பட்டால் கோழிக்குச் சளி. எனக்கும் சளி. இருவரும் மாடியில் தும்மிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ராஜாவைக் கூண்டில் விடும்போது எதிர் மாடியில் பெர்னார்ட் தெரிந்தான். துணி எடுக்க வந்தவன், என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பா அது? எனக்கு ரத்தம் கொதித்தது. அவனுக்குக் கேட்கட்டும் என்று கூண்டுக் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

ராஜாவின் வால் இறகு ஒன்று கதவில் மாட்டி வேரோடு வந்துவிட்டது.

போனால் போகிறது, வளரும் என்று இருந்தேன். வளர்ந்தது. வெள்ளையாக.

அடிபட்ட இடத்தில் சில சமயம் அப்படித்தான் முளைக்குமாம். பிடுங்கினால் வாலில் ஓட்டை தெரியும். விட்டால் வெள்ளை தெரியும். கூண்டுக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மீசையைத் தடவினேன். தடவினதும் வழி தெரிந்தது.

போட்டிக்கு முதல் நாள் சீதாலட்சுமி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சேவலைக் குளிப்பாட்டி, துவட்டி, என் மீசை டையைக் குழைத்து அந்த இறகில் பூசினேன். ராஜா ஒத்துழைக்கவில்லை. டையில் பாதி என் பனியனில், மீதி வாலில். மீசைக்கு ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

மறுநாள் காலை ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"மீசைக்கு என்ன ஆச்சு? வெளுத்துக் கிடக்கு?"

"டை தீர்ந்துபோச்சு."

"இப்பத்தானே புதுசு வாங்கினீங்க?"

"அது கெட்டுப்போச்சு."

என் மீசையைப் பார்த்தாள். ராஜாவின் வாலைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

போட்டி ஓசூர் ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காரும் மேடையில் கப்புகள். பந்தி போடும் இடத்தில் கூண்டுகள். கூண்டில் நம்பர் மட்டும்தான் இருக்கும், யாருடையது என்று எழுத மாட்டார்கள். நடுவர் கோயம்புத்தூர்க்காரர், ராஜேஷ்குமார் என்று பெயர். பெர்னார்ட் இந்த வருஷம் நடுவர் இல்லை. சனியன் விட்டது என்று இருந்தேன்.

மற்ற கூண்டுகளைச் சுற்றி வந்தபோது ஒரு சேவலைப் பார்த்து நின்றுவிட்டேன். கருப்பு கொச்சின். நெஞ்சு உருண்டை. முதுகில் பச்சை அப்படியே ஓடியது. பொறாமைப்படக்கூட மறந்துபோனேன்.

"பாரு சீதா. சேவல்னா இது. இதை வளர்த்தவன் கையை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கலாம்."

"நிஜமாவா?"

"கோழிக்காரன் கோழி விஷயத்துல பொய் சொல்ல மாட்டான்."

"அப்ப ஒத்திக்குங்க" என்று கையை நீட்டினாள்.

அந்தக் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. "எனக்குத் தாகம் இல்ல" என்றேன்.

ராஜேஷ்குமார் ராஜாவின் கூண்டுக்கு வந்தார். கொண்டையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "நல்ல டைப்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். என் மனசு கப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு வாலை விரித்தார். ஒரு இறகில் விரல் நின்றது. பையிலிருந்து பஞ்சை எடுத்து, நனைத்து, ஒரு இழு இழுத்தார்.

பஞ்சு கருப்பு. இறகு வெள்ளை.

"இது என்னங்க?" என்றார்.

"வேர்வை சார்."

"கோழிக்கு வேர்க்குமா?"

"பயத்துல வேர்த்திருக்கும் சார்."

"கோழிக்கா, உங்களுக்கா?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளை இறகு என்றால் கப் மட்டும்தான் போகுமாம். சாயம் பூசினால் போட்டியை விட்டே வெளியே. ராஜாவின் கூண்டுக்கு மேல் சிவப்பு அட்டை வைத்துவிட்டுப் போனார். ராஜா அதைக் கொத்திப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் அறிவித்தார்கள். கருப்பு கொச்சின், முதல் பரிசு, வளர்த்தவன் கையைக் கண்ணில் ஒத்திக்கொள்ளலாம் என்று நான் சொன்ன அதே சேவல். வளர்த்தவர்: அடுகோடி சீதாலட்சுமி.

அடுகோடியில் எத்தனையோ சீதாலட்சுமி இருக்கலாம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. மேடையில் நின்று கப் வாங்கிக்கொண்டிருந்தாள். கீழே முதல் வரிசையில் கை தட்டிக்கொண்டிருந்தது அன்னம்மாள்.

இறங்கி வந்ததும் கேட்டேன். "இது எந்தச் சேவல்?"

"நீங்க அறுக்கச் சொன்னது. அன்னம்மா வீட்டு மாடியில வளர்ந்துச்சு. முதல் இறகு உதிர்ந்ததும் கருப்பு வந்துடுச்சு. தினமும் போய்த் தீனி வச்சேன்."

"எப்பப் போனே?"

"நீங்க ராஜாகிட்டப் பேசிக்கிட்டு இருப்பீங்களே, அப்ப."

"அப்ப நான் சாப்பிட்டது?"

"மெயின் ரோடு கடை பிராய்லர்."

"கசந்துச்சே!"

"அது உங்க வாய்."

கப்பை இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். இந்தத் தடவை பாட்டில் இல்லை. சுற்றிலும் ஆட்கள். கையை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டேன். கண் ஈரமாகத்தான் இருந்தது. தூசி.

மாடி அவளுடையதாகிவிட்டது. ஒரு பாதியில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். மறு பாதியில் அவள் சேவல். கூண்டு கழுவுகிற வேலை மட்டும் என்னிடமே இருக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணினாள்.

ஒரு வாரம் கழித்து, "கிளம்புங்க. நான் சொன்ன இடத்துக்குப் போகலாம்" என்றாள்.

கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு என்று புது டை வாங்கி மீசைக்குப் பூசினேன். சட்டை தேய்த்துப் போட்டேன். தோற்றவன் மாதிரி தெரியக் கூடாது பாருங்கள். வாசலைத் தாண்டினாள். தெருவைக் குறுக்கே கடந்தாள். எதிர் வீட்டு மணியை அடித்தாள்.

"இங்கயா?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு பேச்சு."

பெர்னார்ட் கதவைத் திறந்தான். "வாங்கண்ணா" என்றான், நேற்றுத்தான் வந்துபோன மாதிரி. பெண்கள் சமையலறைக்குள் போய்விட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தேன். பேசக் கூடாது என்பது பந்தயம். எனக்கும் அதுதான் சௌகரியம்.

அவன் எதிரே உட்கார்ந்தான். பிறகு ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "என்ன சொன்னாலும், கொச்சினுக்குக் கால்ல இறகு கம்மியா இருந்தாத்தான் அழகு."

பல்லைக் கடித்தேன்.

"விரல்ல இறகே வேண்டாம். சுத்தமா இருக்கணும்."

"எவன்டா சொன்னது?" என்று எழுந்துவிட்டேன். "விரல்ல இறகு இல்லைன்னா அது கொச்சினாடா? கண்ணு தெரியாம எப்படிடா உன்னை நடுவரா வச்சானுங்க?"

அதற்கு அவன் ஒன்று சொன்னான். நான் ஒன்று சொன்னேன். கொண்டையில் ஆரம்பித்துக் குடல்புழு மருந்து வரை போனது. இத்தனை வருஷமாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்த கோழியெல்லாம் வெளியே வந்தது. மன்னித்தேன் என்று அர்த்தமில்லை. திட்டுவதற்கும் பேசித்தானே ஆகவேண்டும்? உள்ளே இரண்டு பெண்களும் சத்தமே இல்லாமல் இருந்தார்கள்.

அன்னம்மாள் காபி வைத்துவிட்டுப் போனாள். சூடு தெரியாமல் ஒரே வாயில் குடித்து டம்ளரை வைத்தேன். விளிம்பில் கருப்பாக ஒரு கோடு.

பெர்னார்ட் டம்ளரைப் பார்த்தான். என் மூக்குக்குக் கீழே பார்த்தான். குனிந்து, அன்றைக்கு என் சேவலைப் பார்த்த அதே நிதானத்தோடு பார்த்தான்.

"வெள்ளை இருக்கு" என்றான்.

சமையலறையிலிருந்து சீதாலட்சுமியின் குரல் வந்தது. "அவுட்னு சொல்லிடாதீங்கண்ணா. அதையும் நான்தான் வளர்க்கிறேன்."