போதும் என்று சொல்லாத எரியோட்டார்

திண்டுக்கல் வட்டாரத்தில் எரியோட்டார் அளவுக்கு என் மண்டையைக் குழப்பிய மனிதர் இன்னொருவர் கிடையாது. பெயர் என்னவோ இருந்தது. எரியோட்டிலிருந்து வருவதால் மில்லில் எல்லோருக்கும் எரியோட்டார். நூல் கோன்களில் அழுக்கு, முடிச்சு இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது அவர் வேலை. நான் அங்கே ஆபீஸ் கிளார்க்.

ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்து மணிக்கே வந்து கேட்டைத் தட்டி வாட்ச்மேனிடம் திட்டு வாங்குவார். லீவு நாளிலும், "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்று தலையைக் காட்டுவார். சும்மா வர அவர் இரண்டு பஸ் மாற வேண்டும்! மகளின் நிச்சயதார்த்தத்தன்றுகூட வந்துவிட்டார். வீட்டிலிருந்து ஆட்கள் வந்து இழுத்துப் போனார்கள். ஆனால், "வேலை எப்படிண்ணே?" என்று கேட்டால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்.

"என்னத்தச் சொல்ல, போ."

பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா? கடவுளுக்கே வெளிச்சம்.

புதிதாக வந்த எச்.ஆர். மேடம், 'பணி திருப்தி' என்று ஒரு படிவம் கொடுத்தார். எரியோட்டார் அதை என்னிடம் தள்ளினார்.

"எழுத்து வேலை ஒன்னோடது. நீ வாசி, நான் சொல்றேன்."

"வேலை திருப்தியாண்ணே?"

"இல்ல."

"கூட வேலை பாக்குறவுக?"

"இல்லப்பா."

"கேன்டீன் சாப்பாடு?"

"அந்தச் சாம்பாரா? அது ரொம்பத் திருப்தி. போட்டுக்க."

பத்துக் கேள்வியில் ஒன்பதுக்கு இல்லை. நாங்கள் யாரும் வாயில் வைக்காத சாம்பாருக்கு மட்டும் திருப்தி! எனக்குத் தலை சுற்றியது. அவர் சொன்னபடியே டிக் அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே அவரைத் தொப்பம்பட்டி குடோனுக்கு மாற்றிக் கடிதம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அப்பு, நான் என்னப்பு தப்புப் பண்ணேன்?"

டிக் அடித்தது என் கையாயிற்றே! பதறிப்போய் அவரை மேடத்திடம் கூட்டிப் போனேன். மேடத்துக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம்; கொங்குப் பேச்சு.

"ஏனுங்கண்ணா, எதுவுமே திருப்தி இல்லைன்னு நீங்கதானுங்களே சொல்லியிருக்கீங்க? வேற எடத்துலயாவது நிம்மதியா இருக்கட்டும்னுதான் மாத்துனேனுங்க."

"ஆமா தாயி. பந்தியில திருப்தின்னு சொன்னா என்ன அர்த்தம்? போதும், எந்திரிக்கிறேன்னு அர்த்தம். எனக்கு இந்த வேலை இன்னும் போதலையே! இருபது வருசமா பாக்குறேன், ஆசை அடங்க மாட்டேங்குது. எப்படித் தாயி போதும்னு சொல்ல?"

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப அந்தச் சாம்பாருங்க?"

"அது போதும் தாயி. நெசமாவே போதும்."

மேடம் மாறுதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று மட்டும் கடைசிவரை மேடத்துக்கும் எனக்கும் புரியவில்லை.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். வேலை, நாற்காலி, மேலதிகாரி எல்லாமே திருப்தி. எரியோட்டாரோடு இருந்த எட்டு வருஷம்தான் எனக்குப் போதவே இல்லை.