செருப்பு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்

மலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவனை நம்பி மலை ஏறக் கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, போர்வெல் லாரி, கரும்பு வெட்டு, கேரளத்து மர மில் என்று சுற்றியவன் நான். நடுவில் கிடைத்த நாளெல்லாம் கல்வராயன் மலையில்தான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதையே பேசிக்கொண்டிருந்தேன். (வேறு சொத்து இல்லாதவன் வேறு எதைப் பேசுவான்?)

பெண்ணுக்கு என்னைப் பிடித்துவிட்டது. அவள் அண்ணன் ஏழுமலைக்குத்தான் சந்தேகம். தியாகதுருகத்தில் உரக்கடை வைத்திருந்தார். அப்பா இல்லாத வீடு. அவர் சொல்வதுதான் முடிவு. என்னை ஒரு தடவைகூட 'மாப்ள' என்று அழைக்கவில்லை.

"ஊர் ஊரா சுத்திக்கினு இருக்கீங்க. அந்த மலையில இன்னாதான் இருக்குது?" என்றார்.

"வந்து பாருங்க," என்றேன்.

பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக வீட்டில் சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினார்.

சித்திரை மாதம். அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் நடக்க ஆரம்பித்தோம். பெரிய ஏற்றமில்லை. கள்ளிக்கும் சூரை முள்ளுக்கும் நடுவே ஒரு காய்ந்த தடம். பெயரில் ஏழு மலை இருந்தாலும் மனிதர் மாடிப்படியைத் தாண்டி எதிலும் ஏறியதில்லை. காலில் புதுத் தோல் செருப்பு வேறு.

பாதி வழியில் ஒரு புளியமரம். அடியில் ஒரு கல், நட்டுவைத்த வேல்கள். அங்கிருந்து உச்சி வரை சாமியின் எல்லை. மலைக்காரர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே போவார்கள். நான் கழற்றினேன். அவர் தயங்கினார்.

"எவனாவது எடுத்துக்கினு பூட்டா?"

"சாமிகிட்ட விட்டத இங்க யாரும் தொடமாட்டாங்க."

உச்சிப் பாறைக்கு வந்து சேர்ந்தோம். பின்னால் மடிப்பு மடிப்பாக நீல மலைகள். முன்னால் வெயிலில் வெளுத்த நிலம் கண்ணுக்கெட்டிய வரை விரிந்து கிடந்தது. கோமுகி அணைத் தண்ணீர் கண்ணாடித் துண்டாக மின்னியது. தூரத்தில் தியாகதுருகம் கோட்டை மலை, யாரோ பிடித்து வைத்த கொழுக்கட்டை அளவுக்கு. பச்சை என்று சொல்ல அதிகமில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. பட்டினியோடு ஏறிய நாட்களில்கூட அந்த இடம் என்னை ஏமாற்றியதில்லை.

"அந்தத் துக்குணூண்டு ஊர்லதான் கடைய வச்சிக்கினு நான் இவ்ளோ ஜம்பம் பண்றனா?" என்றார் மெதுவாக.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். வந்த வழியிலேயே திரும்புவது என் ஜாதகத்தில் கிடையாது. "அந்தப் பக்கமா இறங்கினா இன்னும் நல்லா இருக்கும். வழியும் கம்மி," என்றேன்.

நல்லாத்தான் இருந்தது. பாதி இறங்கியதும் மரம் தீர்ந்து வெறும் பாறை ஆரம்பித்தது. உச்சி வெயிலில் அது தோசைக்கல். ஏழுமலை நின்றார். தன் காலைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

"அந்தப் பக்கம்."

"நாம?"

"இந்தப் பக்கம்."

திரும்ப ஏறத் தண்ணீர் இல்லை. என் துண்டை இரண்டாகக் கிழித்து அவர் கால்களில் கட்டினேன். எனக்கு இலைகளைக் கொடியால் கட்டிக்கொண்டேன். அவை சற்று தூரத்திலேயே கைவிட்டன. அதற்கப்புறம் நான் இறங்கியதை நடை என்று சொல்ல முடியாது. கரகாட்டக்காரர் யாராவது பார்த்திருந்தால் அப்போதே தன் குழுவில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

அடிவாரத்து டீக்கடைக்கு நாங்கள் வந்து சேர்ந்த கோலத்தைப் பார்த்துக் கடைக்கார அம்மா எழுந்துவிட்டார். விரதக்காரர்கள் என்று நினைத்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை எங்கள் காலில் ஊற்றினார். (அந்த மாதிரி சுகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.)

"இன்னா வேண்டுதலுங்க?" என்று கேட்டார்.

"தங்கச்சி கல்யாணம்," என்றார் ஏழுமலை.

"நடக்கணும்னுங்களா?"

"அத இன்னும் முடிவு பண்ணலங்க."

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். நான் என் கொப்புளங்களைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"பாத்துட்டேம்மா," என்றார். "மாப்ளைக்கு வழி தெரியாது. ஆனா கூட்டிக்கினு போற எடம் நல்லாத்தான் இருக்குது. பேசி முடிச்சிடலாம்."

குழந்தை பிறந்த பிறகு எல்லோருமாக ஒரு தடவை அங்கே போனோம். புளியமரத்தடியில் எங்கள் இரண்டு ஜோடிச் செருப்பும் அப்படியே இருந்தன, அப்பளம்போலச் சுருண்டு. மச்சான் ஆசையாகக் கையை நீட்டினார். "தொடாதீங்க, அது சாமிது," என்றார் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா.

இப்போதும் நான் பையைத் தூக்கினால், எப்போது வருவீர்கள் என்று என் மனைவி கேட்பதில்லை.

"போன வழியில வர்றதா இருந்தா எங்க வேணும்னாலும் செருப்ப கழட்டுங்க," என்பாள். "இல்லன்னா வூட்டுலயே வுட்டுட்டுப் போங்க. இங்கன்னா திரும்பி வந்து போட்டுக்கலாம்."