வேறு கை படாத ரீல்

இனி இந்த ஜென்மத்தில் என் ரீலை என்னைத் தவிர வேறு ஒரு கை தொடாது! இதுதான் நான் செய்த சபதம். செய்த இடம் ரிப்பேர் கடை வாசல். செய்ய வைத்தது ஒரு துண்டு அட்டை.

விஷயம் இதுதான். வாரத்தில் ஆறு நாள் நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஏழாவது நாள்தான் மனிதன். ஞாயிறு விடிந்தால் படகுத்துறைச் சுவரில் தூண்டிலோடு நிற்பேன். அந்தத் தூண்டில் கம்பில் நைலான் நரம்பைச் சுற்றி இழுக்கிற ரீல் இருக்கிறதே, அது கடல் உப்பைக் குடித்துக் குடித்து ஒருநாள் கரகரவென்று இரும ஆரம்பித்தது. கடையில் கொடுத்தேன். நன்றாகத்தான் செய்து கொடுத்தார்கள், அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். யாரிடமும் பெயர் கேட்கமாட்டார். ரீலில் ஒரு அட்டையைக் கட்டி, ஆளுக்கொரு அடையாளம் எழுதிவிடுவார். 'சிவப்பு ஸ்கூட்டர்', 'தொப்பிக்காரர்', 'ஓட்டைப் பல்' என்று வரிசையாகத் தொங்கும். என் ரீலில் தொங்கியது, 'கட்டிலுக்கடி'.

"என்னய்யா இது?"

"நீங்கதான் சார்."

"நானா? கட்டிலுக்கடியா?"

"நான் வச்ச பேர் இல்ல சார். சர்வீஸ் பண்றவங்க வச்சது. கடலுக்குப் போயிட்டு வந்து, கழுவாம கொள்ளாம, உப்போட அப்படியே கட்டிலுக்கடியில தள்ளிவிடுற ஆளு இவருன்னு சொன்னாங்க."

"அது எப்படித் தெரியுமாம்?"

"உள்ளே போர்வைப் பஞ்சு இருந்துச்சாம்."

நீங்களே சொல்லுங்கள், இது அடுக்குமா? ரீலைத் திறக்கச் சொன்னால் என் படுக்கையறையைத் திறந்து பார்க்கிறான் யாரோ ஒருவன்! இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடலாமா கூடாதா என்று முடிவு செய்பவன் நான். என் கையெழுத்தை நம்பி ஆயிரம் பேர் மேலே போய், உயிரோடு கீழே வருகிறார்கள். எனக்கு ஒரு ரீலைக் கழற்றி மாட்டத் தெரியாதா?

இதே கேள்வியை வீட்டுக்கு வந்து மனைவியிடமும் கேட்டேன். அவள் தையல்காரி. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருக்கிற முழங்கை அகல இடத்தில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊருக்கே தைக்கிறவள். மிதியை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"லிஃப்டை நீங்களா கழட்டுறீங்க? வேற யாரோ கழட்டி மாட்டுவாங்க. நீங்க நாலு தட்டு தட்டிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுவீங்க."

"அதுக்குப் பேர்தான் அனுபவம்!"

"நல்லது. அனுபவத்தைச் சாப்பாட்டு மேஜையில பரப்பிடாதீங்க."

"எதுக்கு மேஜை? பின்னறை சும்மாதானே கிடக்கு. அதுல என் ஒர்க்‌ஷாப்பைப் போடப் போறேன்."

மெஷின் நின்றது. அந்தப் பின்னறையை நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். ஜன்னல் உண்டு, வெளிச்சம் உண்டு, வெளியே தனிக் கதவும் உண்டு. நான்கு வருடமாக 'யோசிக்கலாம்' என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்.

"ஒரு பந்தயம் வச்சுக்கலாமா?" என்றாள். "ரீலை நீங்களே கழட்டி, சுத்தம் பண்ணி, மாட்டிடுங்க. அதுல மீனும் பிடிச்சுட்டு வந்துட்டா அறை உங்களுக்கு. இல்லேன்னா எனக்கு."

சண்டைக்கு வந்தவளே சாவியை நீட்டினால் விடுவேனா? காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நானே எழுதினேன். 'ரீலில் என் கையைத் தவிர வேறு எந்தக் கையும் படாது. பட்டால் அறை என் மனைவிக்கே.'

"வேற கைன்னா, என் கையும் சேர்த்துத்தானா?" என்று அப்பாவியாகக் கேட்டாள்.

"உன் கைதான் முதல்ல!" என்று அதையும் சேர்த்து எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அவள் தாளை நான்காக மடித்துப் பட்டன் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

வெறும் சர்வீஸ் போதாது என்று தோன்றியது. சபதம் செய்தவன் சும்மா துடைத்து வைத்தால் என்ன மரியாதை? மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுப் பிடிக்கிற பகுதிக்கு டிராக் என்று பேர். அதன் பழைய கம்பளி வாஷர்களை எடுத்துவிட்டுப் புது கார்பன் வாஷர் போட முடிவு செய்தேன். வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். காரணம், 'அவசர இயந்திரப் பணி'.

கழற்றுவது என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. எந்தத் திருகைத் தொட்டாலும் உள்ளேயிருந்து இன்னும் நாலு சாமான் எட்டிப் பார்த்தது. ஒரு மணி நேரத்தில் மேஜை முழுக்க ரீல். அதற்குள் இத்தனை சாமான் எப்படித்தான் குடித்தனம் நடத்தியதோ!

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கழட்டின வரிசையில முட்டை அட்டையில ஒவ்வொரு குழியா வைக்கலாம்ல?"

"உன் தையல் மெஷின் இல்ல இது. கடல் ரீல்!"

"அதுக்கு ஏன் இவ்வளவு கிரீஸ்? ஒரு சொட்டு எண்ணெய் போதாது?"

"உப்பு உள்ள வரக்கூடாதுல்ல? எல்லா இடத்துலயும் அப்பணும்."

"எல்லா இடத்துலயுமா?"

"எல்லா இடத்துலயும்!"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பாதியில் மூடிய வாய் அது ஒன்றுதான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சாயங்காலம் மாட்டி முடித்தேன். மேஜையில் தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங்கும், எள்ளளவு ஒரு ஆணியும் மிச்சம்.

"அது என்னங்க?"

"எக்ஸ்ட்ரா. கம்பெனிக்காரன் ஒண்ணு ரெண்டு கூடவே போட்டு அனுப்புவான். உன் பட்டன் டப்பாவுல போட்டு வை, எதுக்காவது உதவும்."

"பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். முன்னால் சுற்றினால் முன்னால் போனது. ஆகா! பின்னால் தள்ளிப் பார்த்தேன். பின்னாலும் போனது! நான் லிஃப்ட்காரன். மேலே போன பெட்டி தானாகக் கீழே வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மீன் ஒரு இழுப்பு இழுத்தால் கைப்பிடி ராட்டினமாகச் சுற்றி என் விரலைப் பெயர்த்துவிடும். அதோடு, மீன் இழுக்கும்போது கிர்ர் என்று கத்துமே, அந்தச் சத்தமும் செத்துப் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்பெனிக்காரன் எதிரில் இருந்திருந்தால் அவனையும் கழற்றியிருப்பேன்.

சபதம் ஒரு பக்கம், பின்னறை ஒரு பக்கம். பின்னறைதான் ஜெயித்தது. வெள்ளிக்கிழமை காலையில் ரீலைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் ஒளித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கைப்பிடியை முன்னும் பின்னும் சுற்றினார். "ஒருபக்கமா மட்டும் ஓட விடுற பேரிங்குலயே கிரீஸை அப்பியிருக்கீங்க சார். அது வழுக்கத்தானே செய்யும்? யார் செஞ்சது இந்த வேலையை?"

"என் மச்சான்" என்றேன். மனைவியின் தம்பி இதற்குக்கூட உதவாவிட்டால் எதற்கு?

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க. நம்ம ஆள் கையில குடுத்தா போதும். தங்கமான கை." சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது.

"விஷயம் வெளியில போகக்கூடாது."

"போகவே போகாது சார். உங்க வீட்டைத் தாண்டாது" என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்று மாலை வீட்டில் விசாரணை நடந்தது.

"ரீல் எங்கங்க?"

"ஆபீசுல எல்லாரும் பார்க்கணும்னாங்க. அங்கேயே வச்சுட்டு வந்தேன்."

"ரீல் விடுறதுக்கு உங்களுக்கு ரீலே வேண்டாம்" என்றவள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது.

"என்ன வாசனை?"

"மெஷினைக் கழட்டிச் சுத்தம் பண்ணினேன்."

எனக்கு இருந்த கவலையில் அதற்கு மேல் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ரீல் என் கைக்கு வந்தது. ஒரு விரலால் தட்டினால் வெண்ணெயாக ஓடியது. பின்னால் தள்ளினால் நகரவே இல்லை. 

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைச் சுவரில் நின்றேன். எட்டு மணிக்கு ஒரு இழுப்பு! கிர்ர்ர் என்று ரீல் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் தூண்டிலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் கை நீளத்துக்கு ஒரு பாறை மீன். புது வாஷர் அதை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தது. மீனைத் தோளில் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இந்தா மீன். எடு பின்னறைச் சாவியை!"

"அடேயப்பா! நல்லா கத்துச்சா ரீல்?"

"கத்துச்சாவா? துறையே அதிர்ந்துச்சு!"

"எப்படிங்க கத்தும்? அந்த ஸ்பிரிங்தான் எக்ஸ்ட்ரான்னு என்கிட்ட குடுத்துட்டீங்களே."

பட்டன் டப்பாவை எடுத்து என் முன்னால் திறந்து வைத்தாள். பட்டன்கள் இருந்தன. நான்காக மடித்த தாள் இருந்தது. ஸ்பிரிங் இல்லை. ஆணியும் இல்லை. ரீலைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். முந்தாநாள் மண்ணெண்ணெய் வாசனை அப்போதுதான் மண்டைக்கு ஏறியது.

"நீயா?"

"ஆறு மாசமா நான்தான். கடைக்காரர் சட்டை தைக்கக் குடுக்க வந்தப்போ மெஷினைப் பிரிச்சுப் போட்டிருந்தேன். பார்த்துட்டு, ரீல் பார்க்க வருமான்னு கேட்டார். வரும்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"அப்போ அந்த 'கட்டிலுக்கடி'..."

"பின்னே? தினமும் அந்தக் கட்டிலுக்கடியில நான்தானே பெருக்குறேன்!"

இது மோசடி, சதி, என் ரீலை வைத்து எனக்கே செய்த துரோகம் என்று கத்தினேன். அவள் தாளைப் பிரித்து, என் கையெழுத்தில் இருந்ததை எனக்கே படித்துக் காட்டினாள். 'வேறு எந்தக் கையும் படாது. குறிப்பாக மனைவியின் கை.' ஆயிரம் பேர் நம்புகிற கையெழுத்து. நான் எப்படி இல்லையென்று சொல்வது?

இப்போது பின்னறை ஜன்னலோரம் தையல் மெஷின். சுவர் முழுக்க முட்டை அட்டைகள். தனிக் கதவு வழியாக ஊரெல்லாம் ரீலோடு வந்து போகிறது. போன வாரம் என் ரீலுக்குள் மணல் போய்விட்டது. இரண்டு நாள் வீறாப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் அந்தக் கதவைத் தட்டினேன்.

"வாங்க, வாங்க. கழுவிட்டுத்தானே கொண்டுவந்தீங்க?"

"கழுவிட்டேன்! இப்பல்லாம் கட்டிலுக்கடியில வைக்கிறதும் இல்ல. அந்தப் பேரை முதல்ல மாத்து."

"மாத்திட்டேங்க" என்று சொல்லி, புது அட்டை ஒன்றைக் கட்டி ரீலை வரிசையின் கடைசியில் வைத்தாள்.

குனிந்து படித்தேன். 'எக்ஸ்ட்ரா'.